நாடி நின்றது, இதயம் நின்றதா?

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். சற்றுத் தேடினால் நாடி தட்டுப்படும். இப்போது அதை நிறுத்திப் பாருங்கள்.

முடியவில்லை அல்லவா? கையை மடக்க நினைத்தால் மடங்குகிறது. கண்ணை மூட நினைத்தால் மூடுகிறது. இதயம் மட்டும் நம் சொல் கேட்பதில்லை. இதயத் துடிப்பு, செரிமானம், இரத்த அழுத்தம் போன்றவற்றைத் தன்னியக்க நரம்பு மண்டலம் கவனித்துக்கொள்கிறது என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். ‘தன்னியக்கம்’ என்றாலே நம் விருப்பம் அங்கே செல்லாது என்றுதான் பொருள்.

ஆனால் இந்தியாவில் சில யோகிகள் தங்களால் நாடியையும் இதயத்தையும் நினைத்தபோது நிறுத்த முடியும் என்று கூறிவந்தார்கள். 1935இல் தெரேஸ் பிரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் அதைச் சோதிக்கக் கையில் தூக்கிச் செல்லத்தக்க ஓர் ஈ.சி.ஜி. கருவியுடன் இந்தியாவுக்கு வந்தார். ஈ.சி.ஜி. என்பது இதயத்தின் மின் அலைகளைத் தாளில் வரையும் கருவி. இன்று எந்தக் கிளினிக்கிலும் இருக்கிறது. அன்று அது பெரிய புதுமை.

பிரோஸ் கொண்டு திரும்பிய பதிவுகளில் ஒன்று பலரையும் வியக்க வைத்தது. ஒரு யோகி மூச்சை அடக்கினார். தாளில் இதயத்தின் அலை சுருங்கியது. மேலும் சுருங்கியது. சில வினாடிகளுக்கு ஏறத்தாழ வெறும் கோடாகவே ஆகிவிட்டது. மணிக்கட்டு நாடியின் அலையும் அப்படியே. பிறகு இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பின.

இதயம் நின்றுவிட்டதா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விடையைச் சொல்வதற்கு முன், அந்த யோகியிடம் இருந்த கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அங்கேயும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்றுகள் சில இருக்கின்றன.

ஒரு முத்திரையும் ஒரு சந்தேகமும்

‘யோகாவுக்கு 5000 ஆண்டு வரலாறு உண்டு’ என்று எங்கும் சொல்லக் கேட்கிறோம். இந்த எண் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் ஒரு சிறிய கல் முத்திரையிலிருந்து. 1928-29ஆம் ஆண்டு அகழாய்வில் மொகெஞ்சதாரோவில் கிடைத்தது. தீப்பெட்டி அளவுகூட இருக்காது. கொம்புள்ள தலையணி அணிந்த ஓர் உருவம் மேடைமேல் கால்களை மடக்கி, குதிகால்களைச் சேர்த்து அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. முத்திரையின் வயது 4000 ஆண்டுகளுக்கு மேல். தொல்லியல் ஆய்வாளர் ஜான் மார்ஷல் 1931இல் வெளியிட்ட நூலில், இது யோக நிலையில் அமர்ந்திருக்கும் சிவனின் முன்வடிவம் என்று எழுதினார். அன்றிலிருந்து இந்தப் படம் யோகா நூல்களின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் கால் மடக்கி அமர்ந்திருப்பதெல்லாம் யோகமாகிவிடுமா? நாற்காலி இல்லாத வீட்டில் எல்லோரும் அப்படித்தான் அமர்வார்கள். பண்டைய ஈரான் பகுதி முத்திரைகளில் எருதுகள்கூட அதைப் போன்ற நிலையில் அமர்ந்திருப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். முத்திரையில் எழுத்துகள் உள்ளன. ஆனால் சிந்துவெளி எழுத்தை இதுவரை எவரும் எல்லோரும் ஏற்கும்படி படித்துக் காட்டவில்லை. ஆகவே அந்த உருவம் யோகியாக இருக்கலாம், தெய்வமாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் அந்தக் கல் நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. 5000 என்ற எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால், சான்று என்ன என்று கேட்பதில் தவறில்லை.

எழுத்தில் கிடைக்கும் சான்றுகள் இதைவிட உறுதியானவை. ‘யோகம்’ என்ற வடமொழிச் சொல் ‘பூட்டுதல், இணைத்தல்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. வண்டியில் மாட்டைப் பூட்டும் நுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடோபநிடதம் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் காட்டுகிறது. குதிரைகளை அடக்கி நிறுத்துவதுதான் யோகம் என்கிறது. 2000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நூல் அது. அதில் ஆசனம் எதுவும் இல்லை.

மூச்சை அடக்கும் பயிற்சியும் அந்தக் காலத்தில் இருந்தது. புத்தர் ஞானம் பெறுவதற்கு முன் அதைக் கடுமையாகச் செய்துபார்த்ததாகப் பாலி மொழி நூல்கள் கூறுகின்றன. வாயையும் மூக்கையும் அடைத்து மூச்சை நிறுத்தியபோது, கொல்லனின் துருத்தியைப் போலக் காதுகளில் பேரிரைச்சல் எழுந்ததாம், தலை தாங்க முடியாமல் வலித்ததாம். இதனால் பயனில்லை என்று அவர் கைவிட்டுவிட்டார். தன் உடம்பிலேயே செய்த சோதனையை, தோல்வியையும் மறைக்காமல் சொல்லும் அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த எண்ணங்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியது பதஞ்சலியின் யோக சூத்திரம். ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முந்தையது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மொத்தம் 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. அவையும் அசையாமல், சிரமமில்லாமல் அமர வேண்டும் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. ‘ஆசனம்’ என்ற சொல்லுக்கே இருக்கை என்றுதான் பொருள். மனத்தின் அலைச்சலை அடக்குவதே குறிக்கோள். உடம்பு தொல்லை தராமல் ஓரிடத்தில் இருந்தால் போதும்.

தமிழில் திருமூலரின் திருமந்திரம் இருக்கிறது. அதன் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்துக்கே உரியது. அங்கே மூச்சுப்பயிற்சிக்கு ஒரு கணக்கு வருகிறது. உள்ளே இழுக்க 16 மாத்திரை, அடக்கி வைக்க 64, வெளியே விட 32. மாத்திரை என்பது நாம் தமிழ் இலக்கணத்தில் படிக்கும் அதே மாத்திரைதான். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். கூட்டிப் பாருங்கள். ஒரு முழு மூச்சுக்கு 112 மாத்திரை. ஒரு மாத்திரையை அரை வினாடி என்று வைத்துக்கொண்டாலும் 56 வினாடி ஆகிறது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். அந்தக் கணக்கின்படி பயின்றவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரே ஒரு முறை விட்டிருப்பார். (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அது ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களுக்கான அளவு.)

மூச்சு மெதுவாகும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்ற கேள்வியை இங்கேயே குறித்து வையுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

மைசூரு அரண்மனையில்

நிற்பது, வளைவது, முறுக்குவது, தலைகீழாக நிற்பது என்று இன்று நம் தாமான் மண்டபங்களில் நடக்கும் வகுப்புகளில் காணும் யோகா எப்போது வந்தது? சற்றுப் பிந்தித்தான். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. பெரும்பாலானவை அமர்ந்து செய்பவை. அதற்குப் பிந்தைய கேரண்ட சம்ஹிதையில் 32. பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஏறத்தாழ 200 ஆசனங்கள், 600 படங்கள்!

இந்தப் பெருக்கத்தில் பெரும் பங்கு மைசூரு அரண்மனைக்கு உண்டு. 1930களில் மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் அங்கே ஒரு யோகசாலை நடந்தது. ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் பிறந்தவர், கண்டிப்பானவர், வடமொழிப் புலமை மிக்கவர். அவரிடம் பயின்ற ஐயங்கார் 1934இல் அங்கே வந்து சேர்ந்தபோது, நோய்களால் மெலிந்துபோன பதின்ம வயதுப் பையன். பட்டாபி ஜோய்ஸ் இன்னொருவர். ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவி என்ற பெண்மணியும் அங்கே பயின்று, பின்னர் ஹாலிவுட்டில் யோகா பள்ளி திறந்தார். 1952இல் ஐயங்காரைச் சந்தித்த வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். உலகின் பல நகரங்களில் இன்று நடக்கும் வகுப்புகளின் கொடிவழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால், மிகப் பல அந்த ஒரே கூடத்தில் வந்து முடியும்.

சூரிய நமஸ்காரத்தின் கதையும் இதைப் போன்றதே. சூரியனை வணங்குவது மிகப் பழைய வழக்கம். அதை வரிசையான உடற்பயிற்சியாக 1920களில் ஊர் ஊராகப் பரப்பியவர் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த அவுந்து என்ற சிறு சமஸ்தானத்தின் மன்னர் பவன்ராவ். மல்யுத்தக் கூடங்களின் தண்டால், பிரிட்டிஷ் இராணுவ உடற்பயிற்சி, ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவை அக்கால யோகாவில் எந்த அளவுக்குக் கலந்தன என்பது குறித்து வரலாற்று ஆய்வாளர்களிடையே இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. கலந்ததே இல்லை என்பதும், எல்லாமே இரவல் என்பதும் இரண்டு மிகை. தமிழ் எழுத்துகூட ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கும் கைப்பேசிக்கும் வந்தபோது வடிவம் மாறித்தான் இருக்கிறது. அதனால் அது தமிழ் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோகா நாளாக அறிவித்தது. தீர்மானத்துக்கு 177 நாடுகள் துணை நின்றன. 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யோகாவைச் சேர்த்தது. பரவல் பற்றி இந்த அளவு போதும். இனி நம் கேள்விக்குத் திரும்புவோம்.

ஆய்வுக்கூடத்துக்குள் யோகம்

யோகாவை முதன்முதலில் தொடர்ச்சியாக ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தவர்களில் ஒருவர் சுவாமி குவலயானந்தா. 1924இல் மும்பைக்கு அருகிலுள்ள லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்ற நிலையத்தைத் தொடங்கி, அதே ஆண்டு ஓர் ஆய்விதழையும் கொண்டுவந்தார். எக்ஸ்-ரே, அழுத்தமானி, இரத்த அழுத்தக் கருவி ஆகியவைதான் அவருடைய ஆயுதங்கள்.

அவர் சோதித்தவற்றுள் ஒன்று வயிற்றை உள்ளிழுக்கும் பயிற்சி. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, காற்றை உள்ளே விடாமல் விலா எலும்புகளை மட்டும் விரித்தால் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது குடலுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார். வெளிக் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு! பாயில் விதி உங்களுக்கு நினைவிருக்கும். கொள்ளளவு கூடினால் அழுத்தம் குறையும். யோகிகளால் குடலுக்குள் நீரை உறிஞ்ச முடிவதற்குக் காரணம் மந்திரமில்லை, இந்த அழுத்த வேறுபாடுதான் என்று காட்டினார். அந்த வெற்றிடத்துக்குத் தம் குரு மாதவதாசரின் பெயரையே சூட்டினார். குருவைக் கைவிடவும் இல்லை, அழுத்தமானியைக் கைவிடவும் இல்லை.

இனி இதயம். 1957இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் வெங்கரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூளை அலை நிபுணர் பாக்சியும் பல தடங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கருவியுடன் இந்தியா முழுவதும் பயணம் செய்தார்கள். டில்லி மருத்துவ உடலியல் பேராசிரியர் ஆனந்த் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். இதயத்தை நிறுத்துவதாகச் சொன்னவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். மைசூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த கிருஷ்ணமாச்சாரியாரும் அவர்களில் ஒருவர். 1935இல் பிரோஸ் பதிவு செய்த அதே யோகி அவர்தான். இப்போது எழுபதை நெருங்கியிருந்தார்.

யோகிகள் மூச்சை உள்ளிழுத்தார்கள். தொண்டையை அடைத்துக்கொண்டு மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கினார்கள். மணிக்கட்டில் நாடி காணாமல் போனது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் இதய ஒலியும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எவரும் இதயம் நின்றுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஈ.சி.ஜி. தாளில் அலைகள் வந்துகொண்டே இருந்தன. இதயம் ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் நாடி எங்கே போனது? உடம்பிலிருந்து இரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. சிரைகளின் சுவர் மெல்லியது, உள்ளிருக்கும் அழுத்தமும் மிகக் குறைவு. தொண்டையை அடைத்துக்கொண்டு மார்புத் தசைகளை இறுக்கும்போது மார்புக் கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பெரிய சிரைகள் நசுங்குகின்றன. இதயத்துக்கு வரும் இரத்தம் குறைந்துபோகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் ஓடுவதைப் போல இதயம் துடிக்கிறது, ஆனால் வெளியே தள்ள அதில் இரத்தம் போதவில்லை. அதனால் மணிக்கட்டில் நாடி இல்லை. இதய ஒலி மெலிந்துவிட்டது. மிச்சமிருந்ததையும் இறுகிய தசைகளின் இரைச்சல் மூடிவிட்டது.

இதே செயலுக்கு மருத்துவத்தில் வால்சால்வா முறை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதைப் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவரின் பெயர் அது. விமானத்தில் காது அடைக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுகிறோமே, அதன் கடுமையான வடிவம்தான் இது. கடுமையாகச் செய்தால் மூளைக்குப் போகும் இரத்தமும் குறைந்து மயக்கம் வரும். பள்ளியில் யாரும் பந்தயம் கட்டி இதைச் செய்யாதீர்கள்.

பிரோஸின் தாளில் மட்டும் ஏன் அலையே மறைந்தது? அவர் தவறாகவோ பொய்யாகவோ எழுதவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு தடம். ஒரு பென்சிலைப் பக்கவாட்டில் பிடித்தால் நீளமாகத் தெரிகிறது. அதன் முனையை உங்கள் கண்ணை நோக்கித் திருப்பினால் வெறும் புள்ளி. பென்சில் சுருங்கிவிட்டதா? இதயத்தின் மின்னோட்டத்துக்கும் ஒரு திசை உண்டு. நுரையீரல் நிறைந்து உதரவிதானம் கீழிறங்கும்போது இதயம் சற்றுச் செங்குத்தாகத் திரும்புகிறது. அப்போது ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும் தடத்தில் அலை சிறுத்துவிடுகிறது. பல பக்கங்களிலிருந்து பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

இந்த முடிவுகள் 1961இல் வெளிவந்தன. யோகிகளை ஏமாற்றுக்காரர்கள் என்று ஆய்வாளர்கள் எழுதவில்லை. உண்மையில், சோதிக்கப்பட்ட ஒருவர் தம் இதயத் துடிப்பின் வேகத்தைத் தெளிவாகவே குறைத்துக் காட்டினார். இன்னொரு யோகியைக் காற்றுப்புகாத பெட்டிக்குள் பல மணி நேரம் இருக்கச் செய்து டில்லியில் அளந்தபோது, உயிர்வளியைத் தம் அடிப்படைத் தேவையைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார் என்று தெரிந்தது. இதயத்துக்கு நேரடியாகக் கட்டளையிடும் பொத்தான் மனிதனிடம் இல்லை. ஆனால் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. தசையும் மூச்சும் நம் வசம் உள்ளவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு இதயத்தின் வாசல்வரை போகலாம்.

நிமிடத்துக்கு ஆறு மூச்சு

இந்தச் சுற்றுவழி யோகிகளுக்கு மட்டும் சொந்தமானதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது நம் எல்லோருக்கும் இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. வெளியே விடும்போது மெதுவாகிறது. 1847இல் கார்ல் லூட்விக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் நாய்களிடம் இதைப் பதிவு செய்தார். இதயத்துக்குக் கடிவாளமாக இருப்பது வேகஸ் என்னும் நரம்பு. மூச்சு உள்ளே போகும்போது கடிவாளம் தளர்கிறது. வெளியே வரும்போது இறுகுகிறது.

இன்னொரு பொறியமைப்பும் உண்டு. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. மூளை இதயத்தை மெதுவாக்கி, இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அழுத்தம் இறங்கினால் இதற்கு நேர்மாறு. இப்படிச் சரிசெய்வதில் சிறு தாமதம் ஏற்படுவதால், இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலே போதும், உயர உயரப் போகும். 10 வினாடிக்கு ஒரு மூச்சு, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டால், மூச்சின் தாளமும் இரத்த அழுத்தத்தின் தாளமும் ஒன்றாகச் சேர்கின்றன. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரிடம் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். ஒரு முறை யோக மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தார்கள். இன்னொரு முறை கத்தோலிக்கர்களின் ஜெபமாலைச் செபத்தை இலத்தீனில் சொல்ல வைத்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு இறக்கின. இரண்டிலும் அழுத்தத்தைச் சரிசெய்யும் அந்தப் பொறியமைப்பு மேலும் கூர்மையாக வேலை செய்தது. வேறுவேறு சமயம், வேறுவேறு மொழி, ஒரே தாளம்! பல நூற்றாண்டுகளாகக் கடிகாரம் இல்லாமலேயே மக்கள் இந்த எண்ணைத் தொட்டிருக்கிறார்கள்.

எதை நம்பலாம்?

இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு ‘யோகா எல்லா நோயையும் தீர்க்கும்’ என்று யாராவது புலனத்தில் அனுப்பினால் சற்று நில்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து எடுப்பவர்கள், மூச்சுப்பயிற்சி செய்கிறோம் என்று தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து. உடலை முறுக்கும் ஆசனம் நச்சைப் பிழிந்து வெளியேற்றும் என்பதும் அறிவியல் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் தூங்கும்போதும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

யோகாவைச் சோதிப்பதே கடினம் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கலாம், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவருக்குத் தெரியாமல் அவரை யோகா செய்ய வைக்க முடியுமா? அதோடு, வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் உடல்நலத்தில் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள். பலன் யோகாவால் வந்ததா, அந்த அக்கறையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாள்பட்ட இடுப்பு வலி குறித்து 2022இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களுக்கு வலி சற்றுக் குறைந்தது, நடமாட்டம் சற்று மேம்பட்டது. இடுப்புக்கான மற்ற உடற்பயிற்சிகளைச் செய்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. விளம்பரத்துக்கு உதவாத முடிவுதான். ஆனால் உங்கள் பாட்டி நடந்தால் வலி, உட்கார்ந்தால் வலி என்று தவிக்கும்போது ‘சற்று’ என்பதுகூடச் சிறிய விஷயமில்லை.

சிரசாசனத்தையும் சொல்ல வேண்டும். தலைகீழாக நின்றால் மூளைக்கு அதிக இரத்தம் பாய்ந்து அறிவு வளரும் என்பார்கள். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கின்றன. கண்ணின் நிலை வேறு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகா பயிற்சியாளர்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் இருக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரிந்தது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைச் செய்வதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

கடைசியாக, எந்த ஆபத்தும் இல்லாத ஒரு சோதனை. ஒரு நண்பர், ஒரு பென்சில், ஒரு கைப்பேசி போதும். அமைதியாக நாற்காலியில் அமருங்கள். நண்பர் உங்கள் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் பென்சிலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டட்டும். அந்த ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதல் ஒரு நிமிடம் வழக்கம்போல் மூச்சு விடுங்கள். அடுத்த இரண்டு நிமிடங்கள் 5 வினாடி உள்ளே, 5 வினாடி வெளியே. எங்கும் அடக்க வேண்டாம். தலை சுற்றினால் உடனே வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள்.

பிறகு பதிவைப் போட்டுக் கேளுங்கள். மூச்சு உள்ளே போகும்போது தட்டுகள் நெருங்கி வரும், வெளியே வரும்போது விலகும். பதிவுச் செயலியில் ஒலியலையைத் திரையில் காட்டும் வசதி இருந்தால், இடைவெளிகளை அளவுகோலால் அளந்து ஒரு வரைபடமே போடலாம். அடுத்து உங்கள் தாத்தாவை அமர வைத்து இதையே செய்து பாருங்கள். அவருடைய தட்டுகள் ஏறத்தாழ ஒரே சீராக விழும். பயப்பட வேண்டாம், அது நோயில்லை. வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் குறைந்துகொண்டுதான் வரும்.